இலுப்பைப்பூ சர்க்கரை

நவம்பர் 11

தீபாவளிக்குத் தைத்துக் கொடுத்த ரவிக்கைகளில் இரண்டு திரும்பி வந்தன, கை இறுக்கம் என்று. பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். பிறகு இவரோடு டாக்டரிடம் போனேன். மழை விடவில்லை.

ஸ்கேன் ரிப்போர்ட்டை விரித்து வைத்துக்கொண்டு டாக்டர் இவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார். கல்லீரல் சுருங்க ஆரம்பித்திருக்கிறது. இன்னும் கைமீறிப் போகவில்லை. ஆனால் இனிமேல் ஒரு சொட்டுகூடக் கூடாது.

"என் தொழிலே அதுதானே டாக்டர்" என்றார் இவர்.

டாக்டருக்குப் புரியவில்லை. நான் விளக்கிச் சொன்னேன். பீச் ரோடு ஓட்டலில் மது சம்பந்தப்பட்ட எல்லாம் இவர் பொறுப்பு. எந்த ஒயினை வாங்குவது, எதை எந்தச் சாப்பாட்டோடு கொடுப்பது, எல்லாம் இவர் நாக்கு சொல்வதுதான். வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவார்கள் என்றும் சொன்னேன்.

"துப்புவீங்களா?" என்று டாக்டர் இவரைக் கேட்டார்.

"துப்பினதைவிட முழுங்கினது ஜாஸ்தி சார்."

உண்மையைச் சொன்னாரே என்று இருந்தது. வரும் வழியில் இளநீர் வாங்கித் தந்தார்.

நவம்பர் 12

மழை. துணி காயவில்லை. இவர் வேலைக்குப் போனார்.

நவம்பர் 15

இன்று மத்தியானம் வீட்டில் சாப்பிட்டார். விஷயம் என்னவென்று சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னார்.

ஓட்டல் மொட்டைமாடியில் புதிதாக ஒரு பார் திறக்கப்போகிறார்கள், பிப்ரவரியில். இந்தியாவிலேயே தயாராகும் ஒயினும், சின்னச் சின்ன ஆலைகளில் கவனமாகக் காய்ச்சும் ஜின், ஃபெனி மாதிரியான சரக்குகளும் மட்டும்தான் அங்கே. பொங்கலுக்குள் எதெது வேண்டும் என்று இவர் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவேண்டும். சாம்பிள் பாட்டில்கள் வர ஆரம்பித்துவிட்டன. புது மேனேஜர் குரியன் கண்டிப்பானவர். உடம்பு விஷயம் அவருக்குத் தெரிந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்.

"நாக்கு போன ஆளை எதுக்கு வச்சிருப்பாங்க?" என்றார். பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "மங்கை, உனக்கு நாக்கு எப்படி?"

"இத்தனை வருஷம் நான் சமைச்சதைத்தானே சாப்பிட்டீங்க?"

"அது வேற. நிறத்தை நான் பார்த்துக்கறேன். மோந்தும் பார்த்துக்கறேன். வாயில போனா என்ன ஆகுதுன்னு மட்டும் நீ சொன்னாப் போதும். சொல்லிட்டுத் துப்பிடு."

எங்கள் அப்பா வீட்டில் இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். திருநெல்வேலியிலிருந்து இங்கே வாழ வந்தபோது, மாப்பிள்ளை ஓட்டலில் வேலை என்றுதான் அவர்களிடம் சொல்லியிருந்தது. என்ன வேலை என்று சொல்லவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பாத்திரம் தேய்த்தேன்.

நவம்பர் 17

ஆரம்பித்தோம்.

விளக்கு வைத்த பிறகு வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பாட்டு மேஜையைத் துடைத்து வெள்ளைத் தாள் விரித்தார். நிறம் தெரிய வெள்ளை வேண்டுமாம். துப்புவதற்குப் பழைய எவர்சில்வர் சொம்பு.

முதலில் நாசிக் பக்கத்து வெள்ளை ஒயின். கிளாஸைச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டு ரொம்ப நேரம் இருந்தார். பிறகு என்னிடம் நகர்த்தினார்.

"புளிக்குது" என்றேன்.

"எப்படிப் புளிக்குது? எலுமிச்சையா, மாங்காயா, தயிரா?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. மறுபடி ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். "அரைநெல்லி. உப்பு தொட்டுக்காத அரைநெல்லி."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல, துப்பிட்டேன்."

சிரித்தார். இவர் வீட்டில் சிரித்து ரொம்ப நாளாயிற்று என்று எழுத வந்தேன். சரியாகத் தெரியவில்லை. வீட்டில் இருந்தால்தானே.

நான் சுவை பார்க்கும்போது இவர் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. தாளைக் கிழிக்கிறார், கார்க்கை உருட்டுகிறார். அதனால் இவருக்கும் ஒரு கிளாஸ் தயார் பண்ணினேன். நன்னாரி சர்பத் கொஞ்சம், அரை மூடி எலுமிச்சை, ஒரு ஸ்பூன் இஞ்சிச் சாறு, உப்பு இரண்டு சிட்டிகை, மேலே சில்லென்று சோடா. உயரக் கிளாஸில் ஊற்றிக் கொடுத்தால் மது மாதிரியேதான் இருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, ஆனால் முழுவதும் குடித்தார்.

எல்லாம் முடிந்ததும் கிளாஸ்களை இவரே எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினார். "நீ உட்காரு, நான் பார்த்துக்கறேன்." கல்யாணமாகி இன்றைக்குத்தான் இவர் பாத்திரம் கழுவிப் பார்க்கிறேன்.

நவம்பர் 20

நேற்று எல்லாமே கசந்தது. மூன்று பாட்டிலும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். இரவு படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது, மத்தியானம் தயிர்சாதத்துக்கு நார்த்தங்காய் ஊறுகாய் தொட்டுக்கொண்டது. காலையில் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி பார்க்கவேண்டும்.

நவம்பர் 24

புயல் சின்னம். பள்ளிக்கூடம் லீவு. முத்தியால்பேட்டை முழுக்கத் தெருவில் தண்ணீர். கரன்ட் போய்ப்போய் வந்தது. தையல் ஓடவில்லை.

இவர் வேலைக்குப் போகமுடியாமல் வீட்டில் இருந்தார். பகல் முழுக்கச் சிவப்பு ஒயின்கள். நிறையக் கற்றுக்கொண்டேன். சிவப்பில் திராட்சைத் தோலும் சேர்ந்து ஊறுவதால் ஒரு பிடிப்பு வருகிறது. அதற்கு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்கு அது துவர்ப்புதான். ஆனால் துவர்ப்பிலும் வித்தியாசம் இருக்கிறது. வாழைப்பூத் துவர்ப்பு வேறு, கொய்யாப் பிஞ்சுத் துவர்ப்பு வேறு. சில ஒயின் வாயில் கஞ்சி போட்ட பருத்திப் புடவை மாதிரி விறைத்து நிற்கிறது. சிலது பலமுறை துவைத்த சுங்குடி மாதிரி வழுக்கிப் போகிறது.

"திருப்பிச் சொல்லு, திருப்பிச் சொல்லு" என்று எழுதிக்கொண்டார்.

கர்நாடகத்துச் சிவப்பு ஒன்றில் மிளகும் நாவல்பழமும் சேர்ந்து வந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்வதற்கு முன்பே, "இது உனக்குப் பிடிச்சிருக்கு" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"துப்ப நேரமாச்சு."

உப்பு சரியாக இருக்கிறதா என்றுகூட நானாகக் கேட்டால்தான் இவர் வாயைத் திறப்பார். இன்று சாயங்காலம் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, பேசிப் பேசி.

நவம்பர் 29

கோவாவிலிருந்து ஜின். இதைத் தனியாகக் குடிக்கக்கூடாதாம். நிறைய ஐஸ், ஒரு பங்கு ஜின், மூன்று பங்கு டானிக் என்கிற கசப்பு சோடா. இவர் வாசல் நார்த்தைச் செடியிலிருந்து ஒரு இலையைப் பறித்து வந்து, உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போட்டார்.

"கண்ணை மூடிக்கோ. என்ன தெரியுது?"

"தனியா விதை. நார்த்தை இலை, அது நீங்க போட்டது. அப்புறம் அந்தக் கொடைக்கானல் மரம்."

"பைன் மரமா?"

"ஆமா."

"அதுதான் ஜூனிப்பர்னு ஒரு காய். அது இல்லாட்டி ஜின்னே இல்ல." பிறகு, "கொடைக்கானல் பஸ்ல வாந்தி எடுத்தியே, ஞாபகம் இருக்கா?" என்றார்.

"நீங்க என் தலையைப் பிடிச்சுக்கிட்டீங்க."

"பிடிச்சேனா?"

அது இவருக்கு ஞாபகம் இல்லை. வாந்தி மட்டும் ஞாபகம் இருக்கிறது.

துப்பினேன். கடைசி ஒரு வாய் துப்ப மறந்துவிட்டது. இரண்டு வாய் இருக்கும்.

நவம்பர் 30

நன்றாகத் தூங்கியிருக்கிறேன். இட்லி மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது. காலையில் அதைத் துடைப்பதே வேலையாகிவிட்டது.

டிசம்பர் 3

குப்பை வண்டிக்காரர் பாட்டில்களைத் தனியாகக் கட்டிவைக்கச் சொன்னார், கை கிழிகிறதாம். பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்பல்லாம் வீட்டுலயே ஆரம்பிச்சுட்டாரா?" என்றார், பாவப்பட்டு.

"இல்லக்கா, நான்தான்" என்றேன்.

அக்கா சிரித்தார், நான் கேலி பண்ணுகிறேன் என்று நினைத்து.

பெங்களூரிலிருந்து இளவேனில் பேசினாள். அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சாப்பாடு குறைந்திருக்கிறது, மற்றபடி சரி என்றேன். அவள் அப்பாவும் நானும் தினமும் மேஜையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம் என்றதும், "என்ன பேசறீங்க?" என்று கேட்டாள். புளிப்பைப் பற்றி என்றேன்.

இவர் கால் கொஞ்சம் வீங்கினாற்போல் இருக்கிறது. நின்றுகொண்டே இருக்கும் வேலை.

டிசம்பர் 8

கார்த்திகை விளக்குகளைக் கழுவி எடுத்து வைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை.

இன்றைக்கு வந்தது மத்தியப் பிரதேசத்திலிருந்து. இலுப்பைப்பூவைப் புளிக்க வைத்துக் காய்ச்சி வடித்தது. அங்கே காட்டு ஜனங்கள் காலங்காலமாகக் காய்ச்சுவதாம். இப்போது ஒரு ஆலையில் நயமாகச் செய்து அழகான பாட்டிலில் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்குப் பின்னால் இலுப்பை மரம் நின்றது. பூ தித்திக்கும், பொறுக்கித் தின்போம். அதில் இப்படி ஒன்று இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

தண்ணீர் மாதிரித் தெளிவு. வாயில் வைத்ததும் காய்ந்த திராட்சை. பிறகு அடுப்பில் கொஞ்சம் தீய்ந்துபோன வெல்லப்பாகு. துப்பிய பிறகும் தொண்டையில் ஈர வைக்கோல் வாசனை நின்றது.

"இதைத்தான் வாசலிலேயே கொடுக்கணும்" என்றேன். "பாருக்குள்ள நுழையறவங்களுக்கு, சின்னக் கிளாஸ்ல. நம்ம ஊருப் பூன்னு சொல்லி."

இவர் எழுதிக்கொண்டார். கிளாஸ் கழுவ வழக்கம்போல் இவரே போனார்.

டிசம்பர் 12

மிச்ச ஒயினைக் கொட்ட மனசு வரமாட்டேன் என்கிறது. இவரிடம் கேட்டு ஒன்று செய்தேன். சிவப்பு ஒயினைப் பாத்திரத்தில் ஊற்றி, ஆரஞ்சுப் பழம் வட்டமாக நறுக்கியது, ஒரு துண்டு பட்டை, நாலைந்து கிராம்பு, கைப்பிடி சர்க்கரை சேர்த்து, சின்னத் தீயில் சூடாக்கவேண்டும். கொதிக்கவிடக்கூடாது. கொதித்தால் கசந்துவிடும். ஆவி வரும்போதே இறக்கிவிடவேண்டும். குளிர்காலத்தில் வெள்ளைக்காரர்கள் இப்படித்தான் குடிப்பார்களாம்.

ஆரோக்கியமேரி அக்காவுக்கு ஒரு ஃபிளாஸ்க் கொடுத்தனுப்பினேன். காலி ஃபிளாஸ்க்கோடு வந்து, கிறிஸ்துமஸுக்கு இன்னும் வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

டிசம்பர் 14

சந்தோஷமாக வந்தார். இதுவரை எழுதினதைக் குரியன் படித்துப் பார்த்தாராம். "தணிகாசலம், இத்தனை வருஷ சர்வீஸ்ல நீங்க இவ்வளவு நல்லா எழுதி நான் கேள்விப்பட்டதே இல்லை" என்றாராம். இலுப்பைப்பூவை வாசலில் கொடுக்கும் யோசனையை முதலாளிக்கே போன் பண்ணிச் சொன்னாராம்.

"ரொம்ப சந்தோஷம்" என்றேன்.

பிறகு நான் மாடியில் துணி எடுக்கப் போனேன். இவர் கீழே போனில் துரைக்கண்ணுவிடம் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. துரைக்கண்ணு இவரோடு பாரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓட்டல் ஆட்களில் இவர் உடம்பு விஷயம் தெரிந்த ஒரே ஆள்.

"என்ன பண்றது, வீட்டுக்காரியை வச்சு ஓட்டறேன். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்று சொல்லிச் சிரித்தார்.

அதில் தப்பு ஒன்றும் இல்லை. பழமொழிதானே.

டிசம்பர் 15

போர்வைகளை எல்லாம் ஊறவைத்துத் துவைத்தேன். தலைவலி என்று சொல்லிவிட்டதால் இன்று சுவை பார்க்கவில்லை.

டிசம்பர் 16

போர்வை காயவில்லை.

டிசம்பர் 19

மறுபடி ஆரம்பித்தோம். தென்னங்கள்ளிலிருந்து காய்ச்சிய ஃபெனி. கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

"என்ன, இன்னிக்கு ரெண்டு வார்த்தைதானா?" என்றார்.

"அவ்வளவுதான் தெரியுது."

டிசம்பர் 22

அலமாரியைத் துடைக்கும்போது பார்த்தேன். இலுப்பைப்பூப் பாட்டில் பாதிக்குக் கீழே இருக்கிறது. கார்க் சரியாக மூடவில்லை போல. ஆவியாகப் போயிருக்கும்.

டிசம்பர் 25

ஆரோக்கியமேரி அக்கா வீட்டில் கேக். இவரும் வந்தார். எல்லோருக்கும் சூடாக்கிய ஒயின் கொடுத்தார்கள். இவர் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

டிசம்பர் 27

அவசரமாகக் கேட்டிருந்த கல்யாண ரவிக்கைகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நினைத்ததைவிட முன்னதாகவே வந்துவிட்டேன். மூன்று மணி இருக்கும். இவருக்கு வார லீவு. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். கையில் கிளாஸ். பக்கத்தில் இலுப்பைப்பூப் பாட்டில்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

"நாக்குல வச்சுப் பார்த்தேன். அவ்வளவுதான்" என்றார்.

"பாட்டில்ல அடியிலதான் கொஞ்சம் இருக்கு."

கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஆசையா இருந்துச்சுன்னு நினைச்சுக்காத மங்கை. ஆசைன்னா என்னால அடக்க முடியும். நீ சொல்றதை எடுத்துட்டுப் போய் நான் அங்க சொல்றேன். எல்லாரும் தலையாட்டறாங்க. என் பேர்ல. நீ சொல்றது சரிதானான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"சரியா இருந்துச்சா?"

தலையைக் குனிந்துகொண்டார். "இருந்துச்சு. எல்லாமே சரியா இருந்துச்சு."

"எல்லாமேன்னா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் நாளிலிருந்து கிளாஸ் கழுவ இவர் ஏன் போனார் என்று.

அலமாரியில் இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டுபோய் குளியலறையில் கொட்டினேன். இவர் தடுக்கவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை, சிவப்பு, ஃபெனி. ஜின் பாட்டிலைக் கடைசியாகக் கொட்டினேன்.

"நான் வெறும் இலுப்பைப்பூதானே" என்றேன். "அதைப் போய் எதுக்கு உயிரைக் கொடுத்துச் சரிபார்க்கறீங்க?"

துரைக்கண்ணுவிடம் பேசினது எனக்குக் கேட்டிருக்கிறது என்று இவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

எத்தனை வாளி தண்ணீர் ஊற்றியும் வாசனை போகவில்லை. ஃபினாயில் போட்டேன்.

டிசம்பர் 30

டாக்டரிடம் போனோம். அவர் இவருடைய காலை விரலால் அமுக்கிப் பார்த்தார். குழி விழுந்து அப்படியே நின்றது.

"நிறுத்திட்டீங்கல்ல?"

"ஆமா சார்" என்றார் இவர்.

"இல்ல டாக்டர்" என்றேன் நான். எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில் வீட்டுக்கு வந்தது என் சம்மதத்தோடுதான் என்பதையும் சொன்னேன்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "பாலுக்குப் பூனையைக் காவல் வச்சிருக்கீங்க ரெண்டு பேரும். இதே மாதிரி இன்னும் ஒரு வருஷம் போனா அப்புறம் என்கிட்ட வரவேண்டிய அவசியம் இருக்காது."

ஆட்டோவில் இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நடுவில் மருந்துப் பை.

ஜனவரி 1

சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். இவர் சாப்பிட்டார். இளவேனில் போன் பண்ணினாள், இரண்டு பேரும் தனித்தனியாக வாழ்த்துச் சொன்னோம்.

ஜனவரி 4

காலையில் காபி கொடுக்கும்போது கேட்டுவிட்டேன். "குரியன்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நீ சொன்னா நான் அங்க தலைகாட்ட முடியாது."

"அப்ப நீங்களே சொல்லுங்க. வேலை போனாப் போகுது. என் மெஷின் ஓடுது."

சட்டை மாட்டிக்கொண்டு போனார். இன்று பூராவும் எனக்கு ஒரு தையலும் நேராக வரவில்லை. ஒரு கழுத்தை இரண்டு தடவை பிரித்தேன்.

சாயங்காலம் வந்தார். சொல்லிவிட்டாராம். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று குரியன் கோபப்பட்டாராம். நாளையிலிருந்து காலை டிபன் பகுதிக்கு மேற்பார்வை. புது பாருக்குச் சென்னையிலிருந்து ஒரு ஆள் வருகிறார்.

"வேற ஒண்ணும் கேட்கலையா?"

"கேட்டாரு. அப்ப இந்த ரெண்டு மாசமா சுவை பார்த்தது யாருன்னு."

"என்ன சொன்னீங்க?"

"என் வீட்டுக்காரம்மான்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"நம்பல. நான் ரெண்டாவது தடவையும் சொன்னேன்" என்றார்.

சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே படுத்துவிட்டார். நான் கழுத்தை மூன்றாவது தடவை தைத்து முடித்தேன்.

ஜனவரி 10

விடியுமுன் கிளம்பிப் போகிறார், மத்தியானமே வந்துவிடுகிறார். பொங்கல், தோசை, பூரி, வெள்ளைக்காரர்களுக்கு முட்டை என்று ஓடுகிறதாம். வெளிச்சம் இருக்கிற நேரம் முழுக்க வீட்டில் இருக்கிறார். மேஜையில் நான் ரவிக்கைக்குக் கொக்கி தைத்தேன். இவர் காலையில் படித்த பேப்பரையே மறுபடி படித்தார்.

கேட்பதற்கு ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். நேற்று வந்த கரும்பு மீதி இருக்கிறது. புது ஆள் நம் பட்டியலில் இரண்டை எடுத்துவிட்டாராம், அரைநெல்லி ஒயினையும் அந்தத் தென்னங்கள் ஃபெனியையும். எனக்கு ஒன்றும் இல்லை. இவருக்குத்தான் கோபம். "அவனுக்கு என்ன தெரியும்?" என்று கரும்பைக் கடித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜனவரி 27

ரத்தப் பரிசோதனை. இறங்கவில்லை, ஏறவும் இல்லை என்றார் டாக்டர். "இப்போதைக்கு இதுதான் நல்ல செய்தி." கால் வீக்கம் வடிந்திருக்கிறது. இவர் இந்தத் தடவை கேள்வி எல்லாவற்றுக்கும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

வரும்போது இவராகச் சொன்னார். "அன்னிக்குத் துரைக்கண்ணுகிட்டச் சொன்னது தப்பு."

"பழமொழிதானே" என்றேன்.

"அதனாலதான் தப்பு. யோசிச்சுச் சொல்லியிருந்தா வேற சொல்லியிருப்பேன்."

வேறு என்ன என்று நான் கேட்கவில்லை. ஆட்டோ சிக்னலில் ரொம்ப நேரம் நின்றது.

பிப்ரவரி 8

மொட்டைமாடி பார் திறந்துவிட்டார்கள். இவர் போகவில்லை. காலையில் அங்கே விட்டுப்போயிருந்த பூமாலையிலிருந்து எனக்கு இரண்டு ரோஜா கொண்டுவந்தார். வாசலில் எல்லோருக்கும் இலுப்பைப்பூதான் கொடுத்தார்களாம், சின்னக் கிளாஸில்.

பிப்ரவரி 16

குரியன் போன் பண்ணினார், எனக்கு. முதலில் இவருக்கு என்று நினைத்து இவரிடம் கொடுக்கப் போனேன்.

"மேடத்தோடதான் பேசணும்." மாதம் ஒரு தடவை நாலைந்து பேர் உட்கார்ந்து புது பாட்டில்களைச் சுவை பார்த்து மார்க் போடுகிறார்களாம். நானும் வரமுடியுமா என்று கேட்டார். "உண்மையா நீங்கதானா அதுன்னு தெரிஞ்சுக்கற ஆசையும் உண்டு" என்று சிரித்தார்.

இவர் பக்கத்திலேயே நின்றார். போனை வைத்ததும், "போ" என்றார். ஒரே சொல். பிறகு கொல்லைப்பக்கம் போய்விட்டார். திரும்பி வந்தபோது, "ஊறுகாய் தொட்டுக்காம போ" என்றார்.

பிப்ரவரி 21

போய் வந்தேன்.

வெங்காயச் சருகு நிறப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். குரியன் வாசல்வரை வந்து அழைத்துப் போனார். நீள மேஜை, வெள்ளை விரிப்பு, கடல் தெரிகிற கண்ணாடி. சென்னைப் புது ஆள், இன்னும் மூன்று பேர். எல்லோரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். ஒவ்வொருவர் முன்னும் ஆறு கிளாஸ், ஒரு தாள். நிறத்துக்கு, வாசனைக்கு, சுவைக்கு என்று கட்டம் போட்டிருந்தது. அதில் மார்க் போடவேண்டும்.

போட்டேன். யாரும் பேசவில்லை. பேசக்கூடாதாம், ஒருவர் சொல்வது இன்னொருவரைக் கெடுத்துவிடும் என்று. நல்ல ஒயின்கள்தான். ஆனால் எனக்கு என்னவோ எதுவுமே சரியாகப் பிடிபடவில்லை. வாயில் இருந்தது, துப்பினேன், போய்விட்டது. நாக்குதான் பழக்கம் விட்டுப்போய்விட்டதோ என்று பயமாக இருந்தது. முடிந்ததும் தாள்களை வாங்கிக் கூட்டிப் பார்த்தார்கள். என் மார்க்கும் குரியன் மார்க்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்ததாம். மாதா மாதம் வரமுடியுமா என்று கேட்டார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தேன். இவர் வாசல் கேட்டிலேயே நின்றார். புடவையைக்கூட மாற்றவிடவில்லை.

"முதல்ல என்ன வச்சாங்க?"

"ஒரு வெள்ளை."

"என்ன மாதிரி வெள்ளை?"

"பச்சை மாங்கா" என்று வந்தது வாயில். அங்கே எனக்கு அது தெரியவே இல்லை. "பச்சை மாங்கா, ஆனா தோலோட. அப்புறம் கொஞ்சம் தேன். நுனி நாக்குல மட்டும்."

"ரெண்டாவது?"

இரண்டாவது, மூன்றாவது என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. மூன்றாவது சிவப்பில் கொட்டாங்கச்சி எரிந்த வாசனை என்றேன். அது ஓக் மரப் பீப்பாயில் வைத்ததால் வருவது என்றார். இல்லை, ஓக் நமக்குத் தெரியும், இது கொட்டாங்கச்சிதான் என்றேன். "முப்பது வருஷம் இதே தொழில்ல இருந்தவன் சொல்றேன்" என்று குரலை உயர்த்தினார். "குடிச்சது நான்" என்றேன் நானும். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆரோக்கியமேரி அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

குரியனுக்குப் போன் பண்ணி, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் பாட்டில் அனுப்பக்கூடாது என்றும் சொன்னேன்.

ரசம் ஆறிப்போயிருந்தது. சூடு பண்ண எழுந்திருக்கவில்லை. இவர் இன்னும் நாலாவது கிளாஸைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.